‘டோக்கியோ ஸ்டோரி’ ஏன் இவ்வளவு பையப் போகிறது? வயதான அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊர் குழித்துறைப் பக்கம், வேலை பெங்களூரில். அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு 81 வயது, ஊர் வீட்டில் தனியாக இருக்கிறார். யாரோ சொன்னார்கள் என்று ‘டோக்கியோ ஸ்டோரி’ பார்க்க உட்கார்ந்தீர்கள், முக்கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டீர்கள். மறுநாள் மீதியையும் பார்த்தீர்கள். “ஒன்றுமே நடக்கவில்லை, அந்த அம்மா சாவதைக்கூடக் காட்டவில்லை, இதை ஏன் உலகமே கொண்டாடுகிறது? லீவுக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவோடு பார்க்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சினிமா படித்தவள் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஊர்களில் படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற நர்ஸ். பதினாறு வருஷமாக இதுதான் வேலை. புண்ணுக்கு மருந்து வைப்பது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, வலி மாத்திரையின் அளவைக் கவனிப்பது, அப்புறம் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. இந்தப் படத்தை ஆறேழு முறை பார்த்திருக்கிறேன். என் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இவ்வளவு சரியாகச் சொன்ன வேறு படம் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதில்.

பார்க்காதவர்களுக்குக் கதை. யசுஜிரோ ஓசு 1953இல் எடுத்த ஜப்பானியப் படம். கறுப்பு வெள்ளை, 136 நிமிடம். ஒனோமிச்சி என்ற கடலோரச் சிற்றூரில் இருக்கிற வயதான தம்பதி, டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறிப் போகிறார்கள். மூத்த மகன் டாக்டர், மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். இரண்டு பேருக்கும் நேரமில்லை. போரில் செத்துப்போன இன்னொரு மகனின் மனைவி நோரிகோதான் லீவு போட்டு அவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறாள். திரும்பி வரும் வழியில் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. வீடு வந்து சேர்ந்து சில நாளில் இறந்துபோகிறார். பிள்ளைகள் வருகிறார்கள், காரியம் முடிகிறது, போகிறார்கள். அப்பா தனியாக மிஞ்சுகிறார். அவ்வளவுதான்.

சரி, இது பையப் போகிற படமா? பாதிதான் சரி. திரும்ப ஒரு முறை கவனித்துப் பாருங்கள். ஒனோமிச்சியில் பெட்டி கட்டுகிறார்கள். அடுத்த காட்சியில் டோக்கியோவின் புகைபோக்கிகள் நிற்கின்றன. நடுவில் அந்த ரயில் பயணமே இல்லை! நம்ம ஊரிலிருந்து அனந்தபுரியில் ஏறி சென்னை போகிற மாதிரி ராத்திரி முழுக்கப் போகிற பயணம், அதை ஒரே வெட்டில் தாண்டிவிட்டார். அம்மாவுக்கு ரயிலில் உடம்பு சரியில்லாமல் போனதும் படத்தில் இல்லை, ஓசாகாவில் இறங்கித் தங்கிய பிறகுதான் நமக்கே தெரிய வருகிறது. சாவும் இல்லை. வேறு யார் எடுத்திருந்தாலும் எதையெல்லாம் பெரிதாகக் காட்டியிருப்பார்களோ, அதையெல்லாம் ஓசு ஓடியே கடந்துவிடுகிறார். எங்கே நிற்கிறார் என்றால், பெட்டி கட்டும்போது, விசிறும்போது, “சாப்பாடு போதும்” என்று சொல்லும்போது, “உங்களுக்கெல்லாம் ரொம்ப சிரமம் கொடுத்துவிட்டோம்” என்று சொல்லும்போது. அந்த இடங்களில் கேமரா அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது.

வயதானவர்களின் ஒரு நாள் அப்படித்தான் இருக்கிறது. நமக்குச் சம்பவங்கள்தான் நாள். அவர்களுக்குச் சம்பவங்களுக்கு நடுவில் கிடக்கிற நேரம்தான் நாள். படம் அவர்கள் பக்கத்திலிருந்து நேரத்தை அளக்கிறது. அதனால்தான் நமக்குத் தூக்கம் வருகிறது.

தொடக்கத்தில் வரும் தலையணைக் காட்சியை நீங்கள் தூங்குவதற்கு முன்னாலேயே பார்த்திருப்பீர்கள், ஆனால் ஒன்றுமில்லை என்று விட்டிருப்பீர்கள். ரயிலில் தலைக்கு வைத்துக்கொள்ள ஊதித் தலையணை ஒன்று. அது எங்கே என்று தேடுகிறார்கள். அம்மா, “என்னிடம் இல்லையே” என்கிறார். “உன்னிடம்தான் கொடுத்தேன்” என்கிறார் கணவர். அம்மா மறுபடியும் தேடுகிறார், இல்லை. கொஞ்ச நேரத்தில் தலையணை அவர் பக்கத்துச் சாமான்களிலேயே கிடைத்துவிடுகிறது. “இருந்துச்சா?” “ம், இருந்தது.” மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இரண்டு பேரும் அடுத்த சாமானை எடுத்து வைக்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் சேர்ந்து வாழ்ந்ததை ஒன்றரை நிமிடத்தில் காட்டிவிட்டார் என்று நான் சொல்வேன்.

திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டுக்கு வாரத்துக்கு இரண்டு முறை போய்க்கொண்டிருந்தேன். பாட்டாவுக்குப் பக்கவாதம், இடது கை கால் வராது. பாட்டிக்கு முட்டு வலி. மகன் துபாயில், மகள் கோயம்புத்தூரில். ஒரு நாள் நான் உள்ளே நுழையும்போதே சத்தம் கேட்டது. “எனக்க டார்ச்ச எங்க வச்ச?” “ஒங்க தலமாட்டுலதான வச்சேன்.” “தலமாட்டுல இல்லண்ணுதான சொல்லுதேன்.” பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்ப் பார்த்தார், தார்சாவில் பார்த்தார், திரும்பி வந்தார். நான் பாட்டாவைப் புரட்டிப் படுக்கவைத்தபோது முதுகுக்குக் கீழே டார்ச் இருந்தது. தோலில் அதன் விளிம்பு அழுத்திய தடம் சிவப்பாக விழுந்திருந்தது. அவருக்கு அந்தப் பக்கம் உணர்வு கிடையாது. எடுத்துக் கையில் கொடுத்தேன். “இஞ்சதான் இருந்துச்சா” என்றார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, போய்க் கட்டன் சாயா போட்டுக்கொண்டு வந்தார். துபாயிலிருந்து மகன் தினமும் போன் பண்ணுவார். “வீட்ல என்ன விசேஷம்?” என்று கேட்பார். இரண்டு பேரும் “ஒண்ணுமில்ல மக்கா” என்பார்கள். பொய் இல்லை. போனில் சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த டார்ச்சைத் தேடியதில் அவர்களுடைய ஒரு காலைப் பொழுது போயிருந்தது.

நீங்கள் “ஒன்றுமே நடக்கவில்லை” என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தப் போன்தான் ஞாபகம் வந்தது.

இன்னொரு காட்சி. படத்தில் அந்த அம்மா தன் சின்னப் பேரனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்து மேட்டில் நிற்கிறார். கேமரா தூரத்தில் இருக்கிறது. பேரன் புல்லைப் பிடுங்கி விளையாடுகிறான். “பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய்? அப்பா மாதிரி டாக்டரா?” என்று கேட்கிறார். பையன் காதிலேயே வாங்கவில்லை. “நீ டாக்டராகும்போது நான் எங்கே இருப்பேனோ” என்கிறார். பையனிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா என்று தெரியாது. முகத்தைக் கிட்டக் காட்டி அழவைத்திருக்கலாம், செய்யவில்லை. வயதானவர்கள் சாவைப் பற்றிப் பேசுகிற விதம் இதுதான். கூடத்தில் உட்காரவைத்துக் கேட்டால் பேச மாட்டார்கள். முருங்கைக்கீரை உருவும்போது, பேத்திக்குத் தலை பின்னும்போது, நடுவில் ஒரு வார்த்தை வந்து விழும். கேட்கிற ஆள் பக்கத்தில் இருந்தால் கேட்கும், இல்லையென்றால் இல்லை.

அப்புறம் அத்தாமி. பிள்ளைகள் தங்களால் கவனிக்க முடியவில்லை என்று காசு போட்டு, அப்பாவையும் அம்மாவையும் அந்த வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். அது வாலிபர்கள் வந்து ராத்திரி முழுக்க விளையாடிப் பாடிக் கூத்தடிக்கிற விடுதி. இவர்களுக்குத் தூக்கமே இல்லை. காலையில் கடல்சுவர் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு. “ஊருக்குப் போயிடலாமா?” என்று பேசி முடிவெடுத்து எழுந்திருக்கும்போது அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது, ஒரு நொடி அப்படியே குனிந்து உட்கார்ந்துவிடுகிறார். “ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அதுதான்” என்கிறார். நடக்கிறார்கள்.

முதல் முறை பார்த்தபோது அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். வயதானவர்கள் உட்கார்ந்து எழும்பும்போது இப்படிச் சுற்றுவது எங்களுக்குத் தினமும் பார்க்கிற விஷயம். எழுந்த உடனே ரத்த அழுத்தம் இறங்கும், இளம் உடம்பு சட்டென்று சரிசெய்துகொள்ளும், வயதான உடம்பு தடுமாறும். அதோடு தூக்கமின்மை, தண்ணீர் குடிக்காதது, அழுத்த மாத்திரை எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் எந்த வீட்டுக்குப் போனாலும் “பைய எழும்புங்க பாட்டா, கட்டில்ல ஒரு நிமிசம் இருந்துட்டு எழும்புங்க” என்று சொல்லிவிட்டு வருகிறேன். நம்ம ஊரில் ‘பைய’ என்பது குறை சொல்கிற வார்த்தை இல்லை பாருங்கள். படி இறங்குகிறவரிடம், சுடுகஞ்சி குடிக்கிறவரிடம், பிள்ளையைத் தூக்குகிறவரிடம் அக்கறையாகச் சொல்கிற வார்த்தை. கடல்சுவர்க் காட்சியில் ஒரு பின்னணி இசை அடித்து “இதோ வியாதி வருகிறது” என்று நம்மைத் தட்டி எழுப்பவில்லை. வீட்டிலும் யாரும் தட்டி எழுப்புவதில்லை. அந்தத் தடுமாற்றத்தை அப்போது பார்த்தவர் கணவர் ஒருவர்தான், அவரும் அம்மா சொன்ன காரணத்தை நம்பிவிட்டார்.

இனி, நீங்கள் கேட்ட சாவு.

பிள்ளைகள் ஒனோமிச்சிக்கு வந்து சேர்கிறார்கள். அம்மா நினைவில்லாமல் படுத்திருக்கிறார், தலையில் ஐஸ். டாக்டர் மகன் அப்பாவையும் தங்கையையும் தனியாகக் கூப்பிட்டு, விடியும்வரை தாங்கினாலே நல்லது என்று சொல்கிறான். அப்பா, “அப்படியா... அப்படியென்றால் முடிந்ததா” என்கிறார். வேறொன்றும் சொல்லத் தெரியாமல் அதையே சொல்கிறார். அடுத்து விடியற்காலை ஊர். ஆளில்லாத படகுத்துறை, தெரு, தண்ணீர். மறுபடியும் வீட்டுக்குள் வரும்போது அம்மாவின் முகத்தில் வெள்ளைத்துணி கிடக்கிறது. மூன்றேகால் மணிக்குப் போயிருக்கிறது. நாம் அந்த நேரம் வெளியே படகுத்துறையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காட்டாமல் ஏமாற்றிவிட்டார் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. நான் இருந்து பார்த்த சாவுகளை வைத்துச் சொல்கிறேன், இதைவிட உண்மையாகக் காட்ட முடியாது. வயதாகி வீட்டில் சாகிறவர்களுக்குச் சாவு ஒரு நொடியில் வருவதில்லை. முதலில் சாப்பாடு குறையும். வீட்டார் பதறி ஊட்டுவார்கள். உடம்புக்கு இனி வேண்டாம் என்றுதான் அது குறைகிறது, வற்புறுத்தினால் புரையேறும், உதட்டை நனைத்துக் கொடுத்தால் போதும் என்று சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு நாள் ஆகும். அப்புறம் தூக்கம் கூடும். கை கால் விரல்கள் குளிரும், முட்டுப் பக்கம் நீலம் பாரித்துத் திட்டுத்திட்டாகத் தெரியும். மூச்சு வேகமாக வந்து, குறைந்து, நின்று, வீட்டில் எல்லாரும் எழுந்து நின்ற பிறகு மறுபடி தொடங்கும். இது ஒரு ராத்திரியும் இருக்கலாம், மூன்று நாளும் இருக்கலாம். சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். யாரோ சாயா போட எழுந்து போவார்கள். ஒருவர் போன் பேச முற்றத்துக்குப் போவார். திரும்பி வரும்போது போயிருக்கும். பக்கத்திலேயே இருந்தவர்கூட “இப்பம்தான மூச்சு இருந்துச்சு” என்றுதான் சொல்வார். அந்த நிமிடத்தைப் பார்த்தேன் என்று உறுதியாகச் சொல்கிறவர்கள் குறைவு. எத்தனையோ மகள்கள் “தண்ணி எடுக்கப் போனேன் சிஸ்டர், ரெண்டு நிமிசம்தான்” என்று என் கையைப் பிடித்து அழுதிருக்கிறார்கள். உங்கள் அம்மா போகும்போது நீங்கள் இருந்தீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால், அது உங்கள் தவறில்லை.

பிறகு வருகிற காட்சியைத்தான் படத்தின் உச்சம் என்பேன். கடைசி மகன் கெய்சோ ஓசாகாவிலிருந்து தாமதமாக வருகிறான். அப்பாவைக் காணோம் என்று நோரிகோ தேடிப் போகிறாள். அவர் வெளியே ஒரு மேட்டில் கடலைப் பார்த்து நிற்கிறார். “அழகான விடியல். இன்றைக்கும் வெயில் கடுமையாக இருக்கும்” என்கிறார். அவ்வளவுதான், நடந்து வீட்டுக்கு வருகிறார். என்ன மனுஷன் இவர் என்று உங்களுக்குக் கோபம் வந்திருக்கலாம். நான் இதை நேரில் பார்த்திருக்கிறேன். கருங்கல் பக்கம் ஒரு வீட்டில் அறுபது வருஷம் கூட வாழ்ந்த மனைவி போன காலையில், தாத்தா நேராக வீட்டுத் தோட்டமான விளைக்குப் போய் வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். மகன்மார் “துஷ்டி கேக்க ஆளு வருது, அப்பாவுக்கு மனசுக்கு என்னமோ ஆயிட்டு” என்று பயந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அது அவர் தினமும் அந்த நேரத்துக்குச் செய்கிற வேலை. செய்யாமல் இருக்கக் கைக்குத் தெரியவில்லை.

கெய்சோவுக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் என் அம்மாவின் சாவு எனக்கு அவன் மூலமாகத்தான் புரிந்தது. கோவிலில் சடங்கு நடக்கும்போது பாதியில் எழுந்து வெளியே வந்து உட்கார்ந்துவிடுகிறான். உள்ளே மரமேளம் ஒன்றைத் தட்டிக்கொண்டே ஓதுகிறார்கள். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே போகிற மாதிரி இருக்கிறது, தாங்கவில்லை என்கிறான்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் சுடுகாட்டுக்குக் கொண்டு போவதில்லை. விளையிலேயே தெற்கே சிதை அடுக்குவார்கள், அதற்கு விளையில் நிற்கிற மாமரத்தையே வெட்டுவார்கள். என் அம்மா போனபோது நான் உள்ளே பெண்களோடு இருந்தேன். வெளியே கோடாலிச் சத்தம். ஒரு வெட்டு, கொஞ்சம் இடைவெளி, அடுத்த வெட்டு. அந்த மரத்து மாங்காயை அம்மா உப்பில் போட்டுப் பரணியில் வைப்பார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் என்னமோ குறைகிறது என்று மட்டும் தோன்றியது, என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியவில்லை. அழுகைகூட வரவில்லை. நாலைந்து வருஷம் கழித்து இந்தப் படத்தில் அந்தப் பையன் வெளியே வந்து உட்கார்ந்து அதைச் சொன்னபோதுதான் அழுதேன். ஜப்பானில் 1953இல் ஒருத்தர் யோசித்து எழுதி வைத்த வசனம், எனக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

பலர் இந்தப் படத்தைச் ‘சுயநலப் பிள்ளைகளின் கதை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மகள் ஷிகே ஊருக்குக் கிளம்பும்போது துக்க உடுப்பை எடுத்து வைத்துக்கொள்கிறாள், அம்மா இன்னும் உயிரோடு இருக்கும்போதே. காரியம் முடிந்த சாப்பாட்டிலேயே அம்மாவின் உடுப்புகளை ஞாபகார்த்தமாகக் கேட்கிறாள். கொடுமையாகத்தான் தெரிகிறது. ஆனால் அவள்தான் அம்மா போனதும் வாய்விட்டு அழுகிறவளும். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கும். சவுதியிலிருந்து வந்த ஒரு மகன், தாய் படுக்கையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சிஸ்டர், அடியந்திரத்துக்கும் சேத்துதான் லீவு போட்டிருக்கேன். 20 நாளுதான். என்ன நெலம?” என்று கேட்டார். அடியந்திரம் என்றால் சாவுக்குப் பிந்திய காரியம். கேட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து தேம்பி அழுதார். அவரை எப்படிக் கெட்டவர் என்று சொல்வது? 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதத்தோடு தமிழ்நாட்டிலேயே படித்தவர்கள் அதிகமுள்ள மாவட்டம் நம்முடையது. படித்த பிள்ளைகள் வெளியே போனார்கள். திருவனந்தபுரத்தில் பிளேன் இறங்கி வருகிற மகனுக்காக, ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருப்பது இப்போது நம்ம ஊர் வழக்கமே ஆகிவிட்டது.

படத்தில் கடைசித் தங்கை கியோகோ அண்ணன் அக்காமார் மேல் கோபப்படுகிறாள். அவளைச் சமாதானப்படுத்துகிறவள் நோரிகோ, எல்லாரையும்விட நல்லவள். பிள்ளைகள் வளர வளர பெற்றோரைவிட்டு விலகித்தான் போவார்கள், அவரவருக்கு அவரவர் வாழ்க்கை, நானும் அப்படி ஆகிவிடுவேன் என்கிறாள். “வாழ்க்கை ஏமாற்றம்தான் இல்லையா?” என்று கேட்கிறாள் சின்னவள். “ஆமாம்” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள் நோரிகோ. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் மனதில் சுமக்கிற குற்ற உணர்வுக்கு இந்தப் படம் தீர்ப்பு எதுவும் எழுதவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

கேமரா உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓசு கேமராவைத் தரைக்குப் பக்கத்தில், பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணைவிடவும் தாழ்வாக வைப்பார். படம் முழுக்க ஓரிரு இடங்களில்தான் அது நகர்கிறது. இதற்குப் பெரிய விளக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது, ஒரு நோயாளி பக்கத்தில் நின்றுகொண்டு பேசினால் அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். கீழே பாயில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் தானாகப் பேசத் தொடங்குவார்.

அப்பாவாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது 49 வயதுதான், எழுபது வயதுக்காரராக நடித்திருக்கிறார். அந்த முதுகைப் பார்த்தால் நம்ப முடியாது. ஓசு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கடைசிவரை அம்மாவோடு இருந்தார். அம்மா 1962இல் போனார், அடுத்த வருஷம் டிசம்பர் 12இல், சரியாகத் தன் அறுபதாவது பிறந்தநாளில், அவரும் போய்விட்டார். காமாகுராவில் இருக்கிற அவர் கல்லறையில் பெயர் இல்லை, ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் ஓர் எழுத்து மட்டும் இருக்கிறது. 2012இல் உலகத்து இயக்குநர்களிடம் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை வாக்கெடுத்தபோது இந்தப் படம்தான் முதலிடத்தில் வந்தது. கொண்டாடுகிறார்கள் என்று நீங்கள் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இதே விஷயத்தில் வேறு படம் வேண்டுமென்றால், தமிழில் பாலு மகேந்திராவின் ‘சந்தியா ராகம்’ இருக்கிறது, 1989. சொக்கலிங்க பாகவதர் நடித்தது. மனைவி போன பிறகு பட்டணத்துக்கு வருகிற பெரியவர் கதை. அப்பாவுக்கு மொழிச் சிரமம் இருக்காது. ஹானகேயின் ‘அமோர்’, 2012, படுக்கையில் விழுந்த மனைவியை வயதான கணவர் பார்த்துக்கொள்கிற கதை, நல்ல படம்தான், ஆனால் தயவுசெய்து அதை அப்பாவோடு பார்க்க வேண்டாம். மனைவியைப் படுக்கையில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, ஒரு வருஷத்துக்குள் அது ரொம்ப அதிகம்.

‘டோக்கியோ ஸ்டோரி’யைப் பார்க்கலாமா? பார்க்கலாம். ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்திருக்கிற நேரத்தில் முக்கால் மணி நேரம், மறுநாள் முக்கால் மணி நேரம், அதற்கடுத்த நாள் மீதி. எழுத்து ஓடுவதை அவரால் படிக்க முடியாது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லுங்கள். அவர் தூங்கினால் எழுப்ப வேண்டாம், படத்தையும் உடனே நிறுத்த வேண்டாம். கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே அந்த அப்பா, இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் உயிரோடு இருக்கும்போது அவளிடம் இன்னும் அன்பாக இருந்திருப்பேன் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்வார். தனியாக இருந்தால் பொழுது ரொம்ப நீண்டுவிடும் என்றும் சொல்வார். தொடக்கத்தில் தலையணை தேடியபோது இரண்டு பேர் உட்கார்ந்திருந்த அதே இடம், இப்போது ஒரு ஆள். அந்த இடத்தில் அப்பா முகத்தைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருங்கள், போதும். முடிந்ததும் “எப்படி இருந்துச்சு?” என்றும் கேட்க வேண்டாம்.

நான் ஒரே ஒருவரோடுதான் இதைச் சேர்ந்து பார்த்திருக்கிறேன். அருமனைப் பக்கம், நுரையீரல் கெட்டுப்போய்ச் சாருகசேரியில் சாய்ந்தபடியேதான் தூங்குகிற ஒரு பாட்டா. பழைய ரப்பர் பால்வெட்டுக்காரர். மனைவி போய் மூன்று வருஷம். படம் பார்க்க ஆசை என்று சொன்னதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைக் கொண்டு போனேன். வசனத்தை நான் படித்துப் படித்துச் சொன்னேன். தலையணை தேடுகிற இடத்தில் அவருக்கு மூச்சு முட்டி இருமல் வந்துவிட்டது. இன்ஹேலர் கொடுத்து, முதுகைத் தடவி, சரியானபோது படம் ஓடிப்போய் டோக்கியோவில் இருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பாதியில் கரண்ட் போனது, நானும் கிளம்ப வேண்டியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு படிப்புரையில் இறங்கும்போது கூப்பிட்டார்.

“மக்களே, அந்தத் தலகாணி கிட்டிச்சா?”

“கிட்டிச்சு பாட்டா. அவருக்க பக்கத்துலதான் இருந்துச்சு.”

“அப்பிடித்தான் இருக்கும்” என்றார். “எனக்க கண்ணாடியும் அப்பிடித்தான். அவ தேடிட்டே இருப்பா.”